மூன்றணாவா, பதினைந்தணாவா?

கேள்வி: நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர்கள் அரசைக் கேள்வி கேட்பதால் உண்மையில் என்ன பயன்? ஓட்டெடுப்பு என்று வந்தால் பெரும்பான்மை அரசிடம்தானே இருக்கிறது?

இந்தக் கேள்வியை என் மாணவர்களும் ஆண்டுதோறும் கேட்பார்கள். அரசுக் கல்லூரி ஒன்றில் 26 ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். முதல் வாரத்திலேயே கரும்பலகையில் 3, 15, 7½ என்று மூன்று எண்களை எழுதிவிடுவேன். மூன்றும் 1963 ஆகஸ்ட், செப்டம்பரில் மக்களவையில் சொல்லப்பட்டவை. மூன்றும் அணாக் கணக்கு. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய்.

1962-ல் சீனாவுடனான போரில் இந்தியா தோற்றிருந்தது. அடுத்த ஆண்டு மே மாத இடைத்தேர்தல்களில் அரசை எதிர்த்து நின்ற மூவர், அம்ரோஹாவில் ஆச்சார்ய கிருபளானியும் ஃபரூக்காபாத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவும் ராஜ்கோட்டில் மினு மசானியும், வென்று அவைக்குள் வந்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று கிருபளானி நேரு அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அதுதான். நான்கு நாள் விவாதத்துக்குப் பிறகு 62 பேர் ஆதரித்தார்கள், 347 பேர் எதிர்த்தார்கள். தீர்மானம் தோற்கும் என்பது அதைக் கொண்டுவந்தவருக்கே முதல் நாளே தெரியும்.

அன்று மக்களவையில் அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவையில் பத்தில் ஒரு பங்கு இடம் எந்த எதிர்க்கட்சிக்கும் கிடைத்திருக்கவில்லை. அந்த நாற்காலியில் ஒருவர் முறைப்படி அமர்ந்தது காங்கிரஸ் பிளந்த பிறகு, 1969-ல்தான். ஆகவே லோகியாவிடம் பதவி இல்லை, பின்னால் பெரிய கட்சி இல்லை. உப்பு வரியைப் பற்றி ஆராய்ந்து பெர்லினில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். கையில் இருந்தது ஒரு கணக்கு மட்டுமே.

ஆகஸ்ட் 21 அன்று அவர் இந்தியில் பேசினார். இந்த நாட்டு மக்களில் நூற்றுக்கு அறுபது பேர், அதாவது 27 கோடிப் பேர், நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார். பிரதமருக்காக நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்ற தன் பழைய குற்றச்சாட்டையும் பக்கத்தில் வைத்தார். என் கருத்தில், அந்த இரண்டாவது எண்ணை அவர் தவிர்த்திருக்கலாம். பேச்சு நேருவின் வீட்டுச் செலவுப் பக்கம் திரும்பிவிடும் அபாயம் அதில் இருந்தது. மூன்றணா ஒன்றே போதுமான கனமுள்ள எண்.

ரூபாயை நூறாகப் பிரித்த நயா பைசா வந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அவையில் அணாவிலேயே பேசினார்கள், சந்தையிலும் வீட்டிலும் மக்கள் அப்படித்தானே பேசினார்கள்! மூன்றணா என்றால் சுமார் 19 பைசா.

நேரு மறுத்தார். மூன்றணா இல்லை, பதினைந்தணா என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அன்றைய தனிநபர் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 330 ரூபாய். 365-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பதினைந்தணா வருகிறது. ஆனால் அது தொழிலதிபரையும் ஜமீன்தாரையும் கூலிக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்தி எடுத்த சராசரி. லோகியா கேட்டது கீழே இருக்கும் அறுபது பேரைப் பற்றி. அவர் விடவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் இதற்கென்றே தனி விவாதம் நடந்தது. அங்கே அந்த அறுபது பேருக்குத் திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா சொன்ன எண், ஏழரை அணா.

இந்த இடத்தில்தான் மாணவர்களை நோட்டைத் திறக்கச் சொல்வேன். பத்துப் பேர் இருக்கிறார்கள், சராசரி பதினைந்தணா, ஆக மொத்தம் 150 அணா. அதில் ஆறு பேருக்கு ஆளுக்கு ஏழரை அணா போனால் 45 தீர்ந்தது. மீதி 105 அணாவை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 26 அணாவுக்கு மேல் வருகிறது. அரசு சொன்ன இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் முதல் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அந்த ஆறு பேர் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள். லோகியா கேட்டதால் இரண்டாவது எண் வந்தது, ஓர் அமைச்சரின் வாயிலிருந்தே வந்தது, அவைக் குறிப்பில் ஏறியது.

அதன் பொருள் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். முந்தைய ஆண்டு, 1962-ல், திட்டக்குழு அமைத்த வல்லுநர் குழு, ஒருவர் உயிர்வாழக் குறைந்தபட்சம் மாதம் 20 ரூபாய் செலவு தேவை என்று வகுத்திருந்தது. கல்வியும் மருத்துவமும் அதில் சேரவில்லை, அவற்றை அரசு பார்த்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டார்கள். நாளொன்றுக்கு ஏழரை அணா என்றால் மாதம் சுமார் 14 ரூபாய். அரசின் வல்லுநர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே நாட்டின் பெரும்பாலோர் இருக்கிறார்கள் என்பதை அரசின் மறுப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

மூன்றணா சரியான எண்ணா என்றால், அறுபது சதவீதத்தினர் அனைவருக்கும் அது மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு அது எட்டாத எண் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வருடம் மாணவி ஒருத்தி, மூன்றணாவுக்கு அன்று என்ன வாங்கலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். காவிரிக் கரையில் நடவு நட்டு, களை பறித்து எங்களை வளர்த்தவர். அணாவைக் கணக்குப் பார்த்ததே இல்லை என்றார். கூலியை நெல்லாக அளந்தார்கள், அறுவடை இல்லாத மாதங்களில் அதுவும் இல்லை, அப்போது கடன்தான். அணா கையில் வந்தது கோயில் திருவிழாவின்போது மட்டும் என்றார். இப்படிப்பட்டவர்களின் வருமானத்தை டெல்லியில் உட்கார்ந்து அணாவாக மாற்றியவர்கள் எந்த விலை போட்டு மாற்றினார்களோ என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த மூன்று எண்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடத் தொடங்கினேன்.

இப்படிக் கேள்வி கேட்பதற்கென்றே அவையில் ஒரு வழி இருக்கிறது. மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், பிறகு வரும் துணைக் கேள்விகளுக்கு முன்னறிவிப்புக் கிடையாது. அமைச்சருக்குத் துறை தெரியுமா, எழுதிக்கொடுத்ததை மட்டும் படிக்கிறாரா என்பது துணைக் கேள்வியில் வெளிப்பட்டுவிடும். இந்த ஒரு மணி நேரம் கூச்சலில் கரையும்போதெல்லாம், அது யாரால் நேர்ந்தாலும், எனக்குக் கோபம் வருகிறது. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே நடத்தப்படவில்லை. எழுத்துப்பூர்வமான பதில்கள் மட்டும் வந்தன. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் எழுதியது. நேரடியாகக் கேட்கும் வாய்ப்பு இருந்திருந்தால், ஏன் எண்ணவில்லை என்று அந்த நிமிடமே யாராவது துணைக் கேள்வி கேட்டிருப்பார்கள்.

நீங்கள் சொல்வது போல் 62-க்கு 347 என்பது தோல்விதான். ஆனால் 62 பேர் இருந்த பக்கத்திலிருந்து வந்த ஒரு கேள்வி, பதினைந்தணா என்ற அரசை இரண்டே வாரத்தில் ஏழரை அணா என்று சொல்லவைத்தது. அந்த நாட்களின் அவைக் குறிப்புகள் நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. ஆகஸ்ட் 21-ஐ முதலில் படியுங்கள், பிறகு செப்டம்பர் விவாதத்துக்கு வாருங்கள்.