உலக முடிவில் வெறும் பனிமூட்டம்தானா?

காலை 6 மணிக்கே இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா வாசலில் நில்லுங்கள். 9 மணிக்குள் உலக முடிவு (World's End) என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை எட்டிவிட வேண்டும். குடும்பத்தோடு 11 மணிக்குப் போய் வெள்ளையைத்தான் பார்த்தோம் என்கிறீர்கள், நேரம்தான் காரணமாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, பனிமூட்டமாகி விளிம்பையே மூடிவிடும்.

போன தடவை எந்த வழியாகச் சுற்றினீர்கள்? பாதை பிரியும் இடத்தில் பேக்கர் அருவிப் பக்கம் முதலில் திரும்பியிருந்தால் அங்கேயே நேரம் போயிருக்கும். இம்முறை முதலில் சின்ன உலக முடிவு என்கிற சிறிய விளிம்பு, அப்புறம் பெரியது, கடைசியில் அருவி. அருவி எங்கும் ஓடிவிடாது.

அம்மம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கூட்டிப்போக வேண்டாம் என்பேன். சுற்று ஏறக்குறைய 9 கிலோமீற்றர், கல்லும் வேருமான பாதை. பிஸ்கட்டின் பிளாஸ்டிக் உறையை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள், டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை மழையில் வெள்ளன போனாலும் உத்தரவாதமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பரவாயில்லை.