பணம் கட்டாமல் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க முடியுமா?

வேலூரில் நர்சிங் படிக்கிறேன், கட்டுரையைத் திறந்தாலே டாலரில் பணம் கேட்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கார்டை எடுக்காதீர்கள்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடினால் பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான் வரும். இடப்பக்கத்தில் ‘இலவச முழுக் கட்டுரை’ என்ற பொருளில் ஒரு வடிகட்டி இருக்கும், அதைத் தட்டுங்கள். முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும், 2000-இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரலுக்கோ இதழின் பக்கத்துக்கோ போய்விடலாம். குரோமில், இலவசப் பிரதியைத் தேடித் தரும் அன்பேவால் (Unpaywall) நீட்சியையும் போட்டுக்கொள்ளுங்கள். பச்சைப் பூட்டு தெரிந்தால் சட்டப்படியான இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது.

வேலூர் அடுக்கம்பாறையில் இருப்பது மாதிரி அரசுக் கல்லூரி என்றால் நூலகரிடம் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ பற்றிக் கேளுங்கள். மத்திய அரசே சந்தா கட்டி, அரசுக் கல்லூரிகளில் ஆய்வு இதழ்களைப் படிக்க வைக்கும் திட்டம் அது. 2025 ஜனவரியில் தொடங்கியது, ஏறக்குறைய 13,000 இதழ்கள். தனியார் கல்லூரிக்காரர்களை வெளியே நிறுத்தியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எதுவும் நடக்காவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். பலர் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள். காசு கேட்பது பதிப்பகம்தான், அதில் அவர்களுக்குப் பங்கில்லை.