பொம்மை அசையாதது குறையா?

கேள்வி: குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஓர் ஆங்கிலப் பேய்ப் பொம்மைப் படத்தை அண்மையில் வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். பழைய வீடொன்றுக்குக் குடிவரும் குடும்பம், அங்கே கிடைக்கும் பொம்மை, பிறகு நடக்கும் விபரீதங்கள் என்பதே கதை. 'பொம்மை படம் முழுக்கக் கதிரையில் இருந்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, பத்துக்கு ஒரு புள்ளி கூடக் கொடுக்க முடியாது' என்றார் அண்ணா. 'இவ்வளவு சின்னச் செலவில் இதைச் செய்ததே பெரிது, குறை சொல்லக் கூடாது' என்றார் மச்சாள். தரம் 7 இல் படிக்கும் என் மகள் ஒன்றும் சொல்லாமல், படுக்கப் போகும் முன் தன் பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். யார் சொல்வது சரி? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: உங்கள் அண்ணாவும் மச்சாளும் ஒருவரையொருவர் மறுத்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருவரும் பேசியது தயாரிப்பாளரின் பணப்பையைப் பற்றியே. ஒருவர் அது மெலிந்திருந்ததற்காகக் கோபப்பட்டார், மற்றவர் அதே காரணத்துக்காக இரங்கினார். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அது நல்ல படம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அது தோற்ற இடம் இருவர் காட்டிய இடமும் இல்லை.

முதலில் அண்ணாவின் முறைப்பாடு. பொம்மை கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் சுவரில் ஏறுவதையும் எதிர்பார்ப்பவருக்கு, கதிரையில் இருக்கும் பொம்மை ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொம்மை அசைந்துவிட்டால், அது உயிருள்ளது என்பது தீர்ந்த விடயமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அது ஆபத்தான ஒரு சிறு உருவம் மட்டுமே, பாம்பையோ வெறிநாயையோ போல அதிலிருந்து ஓடித் தப்பலாம். அசையாமல் இருக்கும்வரைதான், அது உயிருள்ளதா இல்லையா என்ற ஐயம் நம்மை விடாது. ஏர்ன்ஸ்ட் யென்ச் என்ற ஜேர்மனிய உளவியலாளர் 1906 இல் எழுதிய கட்டுரையில், உயிரற்றதாகத் தெரியும் ஒன்று உண்மையில் உயிரற்றதுதானா என்று தீர்மானிக்க முடியாத நிலையே இந்த வகை அச்சத்தின் ஊற்று என்று வாதிட்டார். திருவள்ளுவர் இதே ஐயத்துக்கு இரண்டே சொற்களில் பெயர் வைத்திருக்கிறார். மனத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தை 1020 ஆம் குறளில் 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று' என்கிறார். கயிற்றின் இழுப்பில் அசையும் மரப்பாவை உயிர் உள்ளதுபோல் நம்மை மயக்குகிறது என்பது பொருள். 'உயிர்மருட்டி' என்பதைவிடப் பொருத்தமான சொல்லை இந்த வகைப் படங்களுக்கு நான் தேடிப் பெறவில்லை. கொல்லிமலைப் பாவையையும் நினைத்துப் பாருங்கள். காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் வடிவம் மாறாதது என்று நற்றிணை அதைப் பாடுகிறது. சிரித்தே கொல்லும் என்று மரபு சொல்லும் அந்தப் பாவை ஓடவும் இல்லை, துரத்தவும் இல்லை.

நம் நாட்டில் இதை நேரில் உணர விரும்புகிறவர் அம்பலாங்கொடைப் பக்கத்து நூற்பாவைக் கூத்தைப் பார்க்கலாம். 2018 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த கலை அது. ஆடும்போது அந்தப் பாவைகள் மகிழ்ச்சியே தருகின்றன. ஆட்டம் முடிந்து, கயிறு தளர்ந்து, தலை சாய்ந்து வரிசையாகத் தொங்கும்போதுதான் பார்ப்பவரின் மனம் ஒரு கணம் தடுமாறுகிறது.

ஆகவே பேய்ப் பொம்மைப் படம் என்பது பணம் குறைந்தவருக்கென்றே அமைந்ததுபோன்ற வகை. ஒரு வீடு, ஒரு பொம்மை, மூன்று நடிகர்கள் போதும். பொம்மையின் தலை முந்திய காட்சியில் இருந்ததைவிட ஒரு விரற்கடை திரும்பியிருப்பதைக் காட்டுவதற்குக் கிராஃபிக்ஸ் எதுவும் தேவையில்லை, பொறுமையான படத்தொகுப்பாளர் ஒருவர் தேவை. ஏறத்தாழ 15,000 டொலர் செலவில் ஒரே வீட்டுக்குள் எடுக்கப்பட்ட 'பாராநோர்மல் அக்டிவிட்டி' உலகம் முழுவதும் ஓடியதை மச்சாளுக்குச் சொல்லுங்கள். செலவு சிறியது என்ற சமாதானம் இந்த வகைப் படத்துக்குத்தான் மிகக் குறைவாகப் பொருந்தும்.

இந்தப் படத்தின் உண்மையான தவறு பொம்மையின் முகம். கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்தில் வெடிப்பு, கோணிய வாய் என்று முதற் காட்சியிலேயே பேயாக அதை அலங்கரித்துவிட்டார்கள். அப்படி ஒரு பொம்மையை எந்தத் தாய் பிள்ளையின் கட்டிலில் வைப்பாள்? அமெரிக்காவில் பேய் பிடித்ததாகப் பேர்பெற்ற அனபெல் உண்மையில் சிவப்புக் கம்பளி முடியும் முக்கோண மூக்கும் கொண்ட சாதாரணத் துணிப்பொம்மை. 2013 இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்த 'கொன்ஜுரிங்' என்ற படமே அந்த முகத்தைக் கைவிட்டு, பார்த்தவுடன் அஞ்சவைக்கும் ஒன்றைச் செய்துகொண்டது. புளோரிடாவின் கீ வெஸ்ற் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் றொபேட் என்ற பொம்மையும் மாலுமி உடை அணிந்த, மரச்சீவல் திணித்த, தேய்ந்துபோன ஒரு பொம்மைதான். அதற்கு மன்னிப்புக் கேட்டு மக்கள் இன்றும் கடிதம் எழுதுகிறார்கள். நாம் கொஞ்சி மடியில் வைக்கக்கூடிய முகமாக இருந்தால்தான் பிறகு அதன்மேல் ஐயம் கொள்ள முடியும்.

இரண்டாவது தவறு ஒலி. பொம்மை காட்டப்படும் ஒவ்வொரு முறையும் வயலின் கிறீச்சிட்டு 'இப்போது பயப்படு' என்று கட்டளையிடுகிறது. அந்த இரைச்சலை நீக்கி மணிக்கூட்டின் ஓசையை மட்டும் விட்டிருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும்.

மச்சாளின் இரக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும், ஏனென்றால் அது கொழும்பில் எங்களுக்கு நன்கு பழகிய இரக்கம். இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962 இல் 16 மில்லிமீற்றர் என்ற மலிவான சிறு படச்சுருளில்தான் எடுக்கப்பட்டது. அன்று தொடங்கி இன்று கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள்வரை, எங்கள் கலைஞருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'எங்கட பிள்ளைகள் செய்தது, குறை சொல்லாதையுங்கோ' என்ற பாராட்டே. அது அவர்களை அடுத்த படத்துக்கு ஓர் அடிகூட நகர்த்துவதில்லை. எந்தக் காட்சியில் மனம் ஒன்றியது, எந்தக் கணத்தில் அறுந்தது என்று யாராவது சொன்னால் அதை வைத்து அவர்கள் வேலை செய்வார்கள். பணம் இல்லாதவனுக்கு நாம் கொடுக்கக்கூடிய மரியாதை, அவன் செய்ததைக் கூர்ந்து பார்ப்பது.

அப்படிக் கூர்ந்து பார்த்தவர் உங்கள் வீட்டில் ஒருவர் இருந்திருக்கிறார். பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பிய உங்கள் மகளுக்கு ஏதோ ஒரு காட்சி உண்மையாகவே வேலை செய்திருக்கிறது. அது எது என்று தெரிந்துகொள்ள நான் விரும்புகிறேன். அவளையே எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.