அசோலா தொட்டி நிரம்பியதும் வளர்ச்சி நின்றது ஏன்?

மாட்டுத் தீவனமாக வளர்க்கும் மிதக்கும் பெரணியான அசோலாவை 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் 1 கிலோ விட்டு, இரண்டு வாரத்தில் நிரம்பி, அப்புறம் வளரவே இல்லை, சிவந்தும் விட்டது என்கிறீர்கள். முதலில் விட்ட விதை அசோலாவில் குறை இருக்காது. இடம் தீர்ந்துவிட்டது, அநேகமாகப் பாஸ்பரஸ் என்ற மணிச்சத்தும்.

நல்ல நிலையில் அசோலா 3 முதல் 5 நாளில் இரட்டிக்கும். தண்ணீர்ப் பரப்பு தெரிகிறவரைதான் அந்தக் கணக்கு. மூடிவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளது வெளிச்சமில்லாமல் அழுகும். அதனால் தினமும் அரை கிலோ அள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வழித்தால் பாசி முந்திக்கொள்ளும்.

சிவப்புக்கு ஒரு செடியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இலை சிறுத்து வேர் மட்டும் நீண்டிருந்தால் பாஸ்பரஸ் பற்றாக்குறை. நிழல்பட்ட பக்கம் பச்சையாகவே இருந்தால் வெயில்தான் காரணம், நிழல்வலை போதும். பாஸ்பரசுக்கு 5 நாளுக்கொருமுறை 1 கிலோ சாணம், 20 கிராம் சூப்பர் பாஸ்பேட் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம்: தழைச்சத்தை இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியே பிடித்துத் தரும், நீங்கள் போடுவது வெளிப்பாசிக்குத்தான் தீனி. 10 நாளுக்கொருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஆழம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.