எஞ்சினை முழுவதும் பிரித்த பிறகு டைமிங் செயினை இணைப்பு லிங்க் போட்டுச் சேர்க்கலாமா?

எஞ்சின் முழுசாகப் பிரிந்து கிடக்கிறது என்றால் என் பதில்: வேண்டாம். டைமிங் செயின் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் சங்கிலி. முன்பக்க கவர் கழன்றுதான் இருக்கிறது. மூட்டு இல்லாத முழுச் செயினையே ஸ்ப்ராக்கெட்டுகளோடு (பல்சக்கரங்களோடு) சேர்த்து மாட்டிவிடுங்கள்.

இணைப்பு லிங்க், அதாவது செயினின் இரு நுனிகளையும் சேர்க்கும் கண்ணி, வந்ததே எஞ்சினைப் பிரிக்காமல் செயின் மாற்றுவதற்காகத்தான். பழைய மெர்சிடிஸ் எஞ்சின்களில் பழைய செயினை வெட்டி, அதன் நுனியில் புதியதைக் கட்டி, கிராங்கை மெல்லச் சுற்றி உள்ளே இழுப்பார்கள். அப்புறம் இணைப்பு லிங்க்கின் பின்னை (சிறு உலோகத் தண்டை) இரு நுனிகளிலும் செருகி, பக்கத் தகட்டை அழுத்தி, பின்னின் தலையை அதற்கான கருவியால் நசுக்கி விரிப்பார்கள். தலையில் விரிசல் தெரிந்தாலோ லிங்க் இறுகி மடங்க மறுத்தாலோ அந்த லிங்க் குப்பைக்குத்தான். புதியது போட வேண்டும். சுத்தியலால் தட்டிச் சமாளிப்பதை நான் நம்ப மாட்டேன். பைக் செயினில் வரும் கிளிப் லிங்க்கும் இங்கே ஆகாது. அது கழன்றால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதும்.

எப்படி மாட்டினாலும் சரி, செயினின் வண்ண லிங்குகளை ஸ்ப்ராக்கெட் குறிகளுக்கு நேராகப் பொருத்தி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை விடுவித்து, கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றுங்கள். கேம் அதில் 1 சுற்றுதான் சுற்றும். எங்காவது கட்டையாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். 2 சுற்றுக்குப் பிறகு செயினின் வண்ண லிங்குகள் குறிகளுக்கு நேராக நிற்காது. பலர் இதைப் பார்த்துப் பதறி மறுபடி பிரிக்கிறார்கள். ஸ்ப்ராக்கெட் குறிகள் நேராக இருந்தால் போதும்.