அளவியைக் கிராமத்தின் கையில் கொடுத்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1986இல் உக்ரைனில் நடந்த செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் தொகுத்த வாக்குமூலங்களை அண்மையில் வாசித்தேன். பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் இருந்த அணுசக்தி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் வசிலி நெஸ்தரென்கோவின் பேச்சு என்னை மிகவும் பாதித்தது. பிறகு தேடியபோது, அவரே சோவியத் ராணுவத்துக்காக நடமாடும் அணு உலை ஒன்றை உருவாக்கியவர் என்று அறிந்தேன். விபத்துக்குப் பின் குற்ற உணர்வால் மனம் மாறியவர் என்று அவரைப் புரிந்துகொள்ளலாமா? அவர் இணைந்து எழுதிய கடைசி நூலின் எண்களை அறிவியலாளர் பலர் ஏற்கவில்லை என்கிறார்களே, அப்படியானால் அவரை எந்த அளவுக்கு நம்புவது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

குற்ற உணர்வு என்ற விளக்கம் கதைக்கு வசதியானது. ஆனால் நெஸ்தரென்கோவின் வாழ்க்கை அதற்குள் அடங்குவதில்லை என்றே நினைக்கிறேன். செர்னோபில் உலை அவர் வடிவமைத்ததல்ல. 1986இல் பெலாரஸில் அணுமின் நிலையம் என்று ஒன்றுகூட இயங்கவில்லை. அவர் விபத்துக்கு முன் எந்தத் திறமையால் வாழ்ந்தாரோ, அதே திறமையைத்தான் விபத்துக்குப் பின்னும் பயன்படுத்தினார். அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் மாற்றம்.

1934இல் உக்ரைனின் லுஹான்ஸ்க் பகுதியில் பிறந்து, மாஸ்கோவின் பாவ்மன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, மின்ஸ்க் நகருக்கு வெளியே சோஸ்னியில் இருந்த அணுசக்தி நிறுவனத்துக்கு வந்தவர் அவர். 1977இல் அதன் இயக்குநரானார். அங்கே அவர் தலைமையில் உருவானதுதான் நீங்கள் குறிப்பிடும் ‘பாமிர்’. கனரக லாரிகளில் ஏற்றிச் செல்லத்தக்க, 630 கிலோவாட் மின்சாரம் தரக்கூடிய உலை அது. அதன் சிறப்பு, குளிர்விக்கத் தண்ணீரை நம்பாததில் இருக்கிறது. நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற சேர்மம் உலையின் வெப்பத்தில் எளிய மூலக்கூறுகளாகப் பிரிகிறது. பிரியும்போது பெருமளவு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குளிரும்போது மீண்டும் ஒன்றுசேர்ந்து அந்த வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. ஆகவே சிறிய இயந்திரத்தைக்கொண்டே அதிக ஆற்றலைப் பெற முடிகிறது. ஆனால் அந்த வாயு கொடிய நஞ்சு, உலோகத்தையும் அரிக்கும். குழாயில் நூலிழை அளவு கசிவும் கூடாது என்ற கட்டாயத்தில் ஆண்டுக்கணக்காகப் பணியாற்றியவர்கள், ஒவ்வொரு வாயுவையும் ஒவ்வொரு கதிரையும் ஓயாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. இந்தப் பயிற்சியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1985 இறுதியில் முதன்முறையாக இயக்கப்பட்ட பாமிர், செர்னோபிலுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது.

விபத்து நடந்தபோது அவர் வேலை நிமித்தம் மாஸ்கோவில் இருந்தார். செய்தி தெரிந்ததும் பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் ஸ்லியுன்கோவைத் தொலைபேசியில் பிடிக்கப் பாடுபட்டதையும், தீ அணைக்கப்பட்டுவிட்டது என்ற பதிலே கிடைத்ததையும் அலெக்ஸியேவிச்சிடம் அவரே சொல்லியிருக்கிறார். இரவு ரயிலில் மின்ஸ்க் திரும்பி, ஏப்ரல் 29 காலை எட்டு மணிக்கே ஸ்லியுன்கோவின் அலுவலக வரவேற்பறையில் போய் அமர்ந்தவரை மாலை ஐந்தரை மணி வரை உள்ளே விடவில்லை. அப்போது உள்ளிருந்து வெளியே வந்தவர் ஒரு புகழ்பெற்ற கவிஞர். பெலாரஸ் பண்பாட்டைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னாராம்.

அந்த ஒன்பதரை மணி நேரம் ஏன் பெரிது என்பதை அறிவியலைக்கொண்டுதான் புரிந்துகொள்ள முடியும். உலையிலிருந்து வெளியேறிய அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும்; ஆனால் அதற்குள் மூச்சு வழியாகவும் பால் வழியாகவும் உடலுக்குள் புகுந்து தைராய்டு சுரப்பியில் குவிந்துவிடும். அதற்கு முன்பே சாதாரண அயோடினைக் கொடுத்துச் சுரப்பியை நிரப்பிவிட்டால், கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிருக்காது. இதை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அல்லது சில மணி நேரத்துக்குள்ளாவது கொடுக்க வேண்டும். நெஸ்தரென்கோ கேட்டது இதைத்தான். இப்படியொரு அவசரத்துக்கென்றே குடியரசின் கிடங்குகளில் வைக்கப்பட்டிருந்த அயோடின் அங்கேயே கிடந்தது என்கிறார் அவர். பின்னாளில் பெலாரஸ் குழந்தைகளிடையே, குறிப்பாகத் தென்கிழக்கிலுள்ள கோமெல் பகுதியில், தைராய்டு புற்றுநோய் பெருகியது. செர்னோபிலின் விளைவுகளில் எல்லாத் தரப்பினரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டது இது. அந்த வரவேற்பறையைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கோபம் இன்றும் தணியவில்லை.

அவருடைய நிறுவனத்தின் கதிர்வீச்சு அளவிகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1987இல் இயக்குநர் பதவியும் போயிற்று. 1990இல், எழுத்தாளர் அலெஸ் அதமோவிச், இயற்பியலாளர் சகாரோவ், சதுரங்க வீரர் அனதோலி கார்ப்போவ் ஆகியோரின் முன்முயற்சியால் ‘பெல்ராட்’ என்ற சுதந்திரமான கதிரியக்கப் பாதுகாப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். பாதிக்கப்பட்ட கிராமங்களில் 370 உள்ளூர்ப் பரிசோதனை மையங்கள் உருவாயின. தம் வீட்டுப் பசுவின் பாலையோ காட்டில் பறித்த காளானையோ எவரும் அங்கே கொண்டுவந்து, ஒரு கிலோவுக்கு எத்தனை பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) சீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சீசியம்-137 பாதியாகக் குறைய முப்பது ஆண்டுகள் ஆகும். மழை பெய்த இடத்தில் அதிகமாகவும் பெய்யாத இடத்தில் குறைவாகவும் அது படிந்தது. தெற்கிலுள்ள போலேசியாவின் சதுப்புக் கரிமண்ணோ அதைத் தாராளமாகப் புல்லுக்குக் கடத்தும். ஆகவே மேய்ச்சல் நிலம் மாறினால் பாலின் அளவும் மாறிவிடும். தலைநகரில் அச்சிடும் சராசரி வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் குழந்தைக்கு எந்தப் பாலைக் கொடுப்பது என்று முடிவெடுக்க முடியாது. பெல்ராட்டின் சிறிய வேன்கள் பள்ளிகளுக்குச் சென்றன. உணர்கருவி பொருத்திய நாற்காலியில் குழந்தையைச் சில நிமிடங்கள் உட்காரவைத்தால், அதன் உடலில் தேங்கியுள்ள சீசியத்தின் அளவு திரையில் தெரியும். ராணுவ ரகசியமாக வளர்ந்த ஒரு கலையை இவ்வளவு எளிமையாக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே, என் கணக்கில், அவருடைய மிகப்பெரிய சாதனை.

இனி நம்பிக்கையைப் பற்றிய உங்கள் கேள்வி. குழந்தைகளின் உடலிலிருந்து சீசியத்தை விரைவாக வெளியேற்ற, ஆப்பிளிலிருந்து எடுத்த பெக்டின் பொடியை அவர் பரிந்துரைத்தார். 2004இல் சுவிட்சர்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஒரு உடல்நல விடுதியில் ஒரு மாதம் தூய உணவுடன் பெக்டினும் உண்ட குழந்தைகளுக்குச் சீசியம் ஏறத்தாழ 63 சதவீதம் குறைந்தது. அதே உணவுடன் வெற்றுப் பொடியை உண்டவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் 64 குழந்தைகள் மட்டுமே, ஆய்வைச் செய்ததும் பெக்டினைப் பரிந்துரைத்த அதே குழு. எனவே இதை மேலும் சோதிக்கத் தகுந்த ஒரு தொடக்கமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் நூலை அவர் ரஷ்ய உயிரியலாளர் யாப்லகோவுடனும் தம் மகன் அலெக்ஸேயுடனும் சேர்ந்து எழுதினார். 2004 வரை உலகெங்கும் 9,85,000 பேர் செர்னோபிலால் இறந்தனர் என்ற அதன் கணக்கை நான் ஏற்கவில்லை. சோவியத் ஒன்றியம் சிதைந்த ஆண்டுகளில் வறுமையாலும் மதுவாலும் மருத்துவ வசதி குலைந்ததாலும் இறப்பு விகிதம் உயர்ந்தது. இவற்றையெல்லாம் முறையாகப் பிரித்தெடுக்காமல், பகுதிகளுக்கிடையிலான வேறுபாட்டைக் கதிரியக்கத்தின் மேல் சுமத்துவது சரியான வழியல்ல. அதற்காக மறுதரப்பான ஐ.நா. அமைப்புகள் சொல்லும் 4,000 என்ற எண்ணையும் முழு உண்மையாகக் கொள்ளக் கூடாது. மிக அதிகமாகக் கதிர்வீச்சுக்கு ஆளான குழுக்களுக்கு மட்டுமே கணிக்கப்பட்ட எண் அது.

நாற்காலியில் அமர்ந்த குழந்தையின் அளவு ஒரு வகை அறிவு. மக்கள்தொகைப் பட்டியல்களிலிருந்து ஊகிக்கும் மரண எண்ணிக்கை வேறொரு வகை அறிவு. முன்னதில் அவர் தேர்ந்தவர், பின்னது அவர் துறையே அல்ல. உடலில் சீசியத்தின் விளைவுகளை ஆராய்ந்த, கோமெல் மருத்துவக் கல்லூரியின் தலைவர் பந்தாஷெவ்ஸ்கி 1999இல் கைதாகி, 2001இல் எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றபோது, அதே நாட்டில் இருந்துகொண்டு வெளிப்படையாக அவர் பக்கம் நின்றவர் நெஸ்தரென்கோ. இந்தத் துணிவின் மேல் உள்ள மதிப்பால் அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்த நூலின் பிழையைக் காட்டி, பள்ளி பள்ளியாகச் சென்று அவர் சேகரித்த அளவீடுகளைத் தள்ளிவிடவும் முடியாது.

அரசு நிதி சுருங்கச் சுருங்க உள்ளூர் மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வெளிநாட்டு நன்கொடைகளைக்கொண்டு பெல்ராட் பணியைத் தொடர்ந்தது. 2008 ஆகஸ்டில் நெஸ்தரென்கோ காலமானார். அதன் பிறகு நிறுவனத்தை அலெக்ஸேய் பொறுப்பேற்று நடத்தினார்.