கோவையில் முதியோருக்கான ஹோம் நர்சிங் ஏஜென்சி தொடங்கினால் லாபம் கிடைக்குமா? எவ்வளவு முதலீடு வேண்டும்?

"குடும்பம் மாதம் 26,000 ரூபாய் கொடுக்கிறது, வேலைக்கு வரும் பெண்ணுக்கு 18,000தான் போகிறது, நடுவில் இருப்பவருக்குச் சும்மா 8,000 கிடைக்கிறதே" என்று கேள்வியின் கீழ் நீங்கள் சேர்த்திருக்கும் வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. உங்கள் வீட்டில் யாரோ ஒரு பெரியவருக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள் என்றும், ஏஜென்சியின் ரசீதையும் அந்தப் பெண் வாங்கும் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு இந்த எண்ணம் வந்திருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். கோவையில் சில ஆண்டுகளாக இத்தொழிலை நடத்திவருகிறேன். அந்த 8,000 ரூபாய் எங்கே போகிறது என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

தேவையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைத் தொட்டவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 8.6 விழுக்காடுதான். ஆர்.எஸ்.புரத்திலும் வடவள்ளியிலும் பெரிய வீடுகளில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் எழுதிய பிறகு, பில் கட்டும் வரிசையில் நின்றபடி செய்யப்படுபவை. "சாயங்காலமே ஆள் வேண்டும்" என்பார்கள். சாயங்காலமே ஆளை அனுப்ப வேண்டுமென்றால், அன்று காலை வரை வேலையில்லாமல், ஆனால் சம்பளத்துடன், ஒரு பெண் என்னிடம் இருந்தாக வேண்டும் அல்லவா? கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஏஜென்சி விற்பது ஆளை அல்ல, மாற்று ஆளை. நல்ல ஆள் ஒருவரைத் தேடிப் பிடிப்பது யாராலும் முடிகிற காரியம். தெரிந்தவர்களிடம் நாலு இடத்தில் சொல்லி வைத்தால் கிடைத்துவிடுவார். அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில், அவர் ஊரில் மாரியம்மன் நோன்பு சாட்டும் வாரத்தில், மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வரும் இரவில், படுக்கையில் இருக்கும் பெரியவரை யார் திருப்பிப் படுக்க வைப்பது என்பதற்குத்தான் குடும்பம் ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கிறது. என்னிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் தருமபுரி, சேலம், தேனிப் பக்கத்தவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் ஊருக்குப் போக விரும்புவது நியாயம். அதே நாட்களில் ஆள் இல்லாமல் இருக்க முடியாது என்று குடும்பங்கள் சொல்வதும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் ரிலீவர்கள், அதாவது மாற்று ஆட்கள். அவர்களுக்கு வேலை இல்லாத நாளிலும் பாதிச் சம்பளம் தருகிறேன். ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை தங்குவதற்கு ஒரு வாடகை வீடு எடுத்திருக்கிறேன். அங்கே சமையலும் எங்கள் செலவுதான்.

இவற்றோடு சட்டப்படியான செலவுகளும் உண்டு. பத்துப் பேர் வேலைக்குச் சேர்ந்தால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. வரும், 18,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 585 ரூபாய். இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். வந்துவிடும். ஜி.எஸ்.டி.யில், நோயாளிக்குத் தரப்படும் மருத்துவ சேவைக்கு விலக்கு இருக்கிறது, வெறுமனே ஆள் அனுப்பும் சேவை என்று கருதப்பட்டால் 18 விழுக்காடு விழும். நீங்கள் செய்வது எந்தப் பக்கம் சேரும் என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். எல்லாம் போக, நல்ல மாதத்தில் ஓர் ஆளுக்கு 1,500 ரூபாய் நின்றால் நான் திருப்தி அடைகிறேன்.

"எல்லா ஏஜென்சியும் இப்படியா நடத்துகிறது?" என்று கேட்க இங்கே ஆள் இருப்பது எனக்குத் தெரியும். இல்லைதான். முதல் மாதச் சம்பளத்தை டெபாசிட் என்று பிடித்து வைப்பவர்களும், ஆதார் அட்டையின் அசலை வாங்கிப் பூட்டி வைப்பவர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. அப்படி நடத்தினால் 8,000 ரூபாயில் 6,000 கையில் நிற்கக்கூடும். ஆனால் அந்தப் பெண்கள் இரண்டாம் மாதமே பஸ் ஏறிவிடுவார்கள்.

பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடும்பங்கள் வருகிற எல்லாரையும் 'நர்ஸ்' என்றே அழைக்கின்றன. ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, படித்து முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் செவிலியர். நாங்கள் அதிகம் அனுப்புவது அட்டெண்டர்களை, அதாவது கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களை. அவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பவை எளியவையாகத் தோன்றும், ஆனால் தவறினால் உயிருக்கு ஆபத்தானவை: ஏர் பெட் இருந்தாலும் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்ப வேண்டும், யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தூக்கும்போது மடியில் வைத்துவிடக் கூடாது, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்து அரைமணி நேரமாவது படுக்கையைத் தாழ்த்தக் கூடாது. நரம்பில் ஊசி போடு, டியூபை மாற்று என்று அட்டெண்டரிடம் யாராவது சொன்னால், "மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பதுதான் முதல் நாள் பாடம்.

இனி, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த ஓர் அம்மாவுக்கு, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவரை இருபத்துநான்கு மணி நேர ஆளாக அனுப்பியிருந்தேன். மகன் அமெரிக்காவில் இருந்தார். படுக்கையறை அலமாரியின் மேல் கேமரா வைத்திருந்தார். நமக்கு இரவு அவருக்குப் பகல் என்பதால், அலுவலக வேலைக்கு நடுவே அறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் விடியற்காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன: 1:10க்கு அக்கா பாயில் படுத்திருக்கிறார், 2:50க்கும் படுத்திருக்கிறார். "இவருக்குத் தூங்கத்தான் சம்பளமா?" என்று கேட்டிருந்தார். தலைமாட்டில் மாட்டியிருக்கும் அட்டையைப் படம் எடுத்து அனுப்பும்படி அக்காவிடம் சொன்னேன். இரவு 11, 1, 3, 5 என்று ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் திருப்பினார் என்பது எழுதப்பட்டிருந்தது. மகன் அனுப்பிய படங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள காட்சியை ஓட்டிப் பார்த்தால் அக்கா எழுந்து திருப்புவது தெரிந்திருக்கும்; அதை மகன் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அனுப்பவில்லை. அந்த அம்மாவின் முதுகிலும் குதிகாலிலும் ஒரு சிவப்புத் திட்டுகூட வந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தூக்கத்தைப் பற்றிப் பேசத்தான் அக்காவை அழைத்தேன். அவர் சொன்னது வேறு. அந்தக் கேமரா அம்மாவின் கட்டிலோடு அவருடைய பாயையும் சேர்த்துக் காட்டுகிறது. இரவில் அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மல்லாந்தே படுக்கிறார். புடவை விலகிவிடுமோ என்று புரண்டு படுக்கவும் பயம். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே குறிப்பிடுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த மகன் கெட்ட எண்ணத்தோடு கேமரா வைத்தார் என்று நான் நினைக்கவில்லை. தாயைப் பிரிந்து இருப்பவரின் தவிப்பு அது. ஆனால் அந்த அறையில் அவருடைய தாய் மட்டும் வசிக்கவில்லை.

கேமரா கட்டிலை மட்டும் காட்டும்படி திரும்ப வேண்டும், அல்லது பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு இருவரை வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கட்டணம் ஏறக்குறைய இருமடங்கு என்று எழுதி அனுப்பினேன். "காசு கொடுக்கிறோமே மேடம், நாங்கள் பார்க்கக் கூடாதா?" என்றார். ஏழு நாள் நோட்டீஸில் ஆளைத் திரும்ப அழைத்துக்கொள்வேன் என்று சொன்ன பிறகு, உள்ளூரில் இருந்த சித்தப்பா வந்து கேமராவைத் திருப்பி வைத்தார்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். சில மாதங்கள் கழித்து அதே குடும்பம், சம்பளத்தில் 2,000 ரூபாய் கூட்டித் தருகிறோம் என்று சொல்லி, ஏஜென்சியை விட்டுவிட்டு நேரடியாக வரும்படி அக்காவிடம் பேசி முடித்தது. நேரடியாக ஆளை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்காக யார் நீதிமன்றப் படி ஏறுவார்கள்? அக்கா மீது எனக்கு வருத்தம் இல்லை. தன் மகனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய ஆண்டு அது. அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு டெங்கு வந்தது. அமெரிக்காவில் இருந்த மகனிடமிருந்து இரவு பத்து மணிக்கு அழைப்பு: "மேடம், இன்றைக்கே ஒரு ஆள் வேண்டும்." அனுப்பினேன், புது ஒப்பந்தம், ஒரு மாத முன்பணம், கேமராவுக்கென்று தனிப் பிரிவு ஆகியவற்றோடு. ரிலீவருக்கு வேலை இல்லாத நாளில் நான் கொடுக்கும் பாதிச் சம்பளம் எதற்கு என்பதை அந்த ஒரு அழைப்பிலேயே அவர் புரிந்துகொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

"அரசே 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கு ஆள் அனுப்புகிறதே, உங்களுக்கு என்ன வேலை?" என்று சிலர் எழுதக்கூடும். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டம் நல்ல திட்டம். பிசியோதெரபியும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன, என் வாடிக்கையாளர்கள் சிலரையே அதில் சேர்த்துவிட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இரவு மூன்று மணிக்கு டயப்பர் மாற்ற வேறு ஒருவர் இருக்க வேண்டும்.

ஆகவே முதலீட்டைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில்: அலுவலகத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் செலவழிக்காதீர்கள். பத்துப் பெண்களோடு தொடங்கினால் மாதச் சம்பளம் மட்டும் 1,80,000 ரூபாய். குடும்பங்கள் தாமதமாகக் கொடுத்தாலும் பெண்களுக்கு முதல் தேதியில் போய்ச் சேர வேண்டும் என்பதால், இரண்டு மாதத்துக்கான 3,60,000 ரூபாய் வங்கியில் இருக்கட்டும். முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு முன் இரண்டு ரிலீவர்களைப் பிடியுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் காவல் துறையின் பின்னணிச் சரிபார்ப்பை முடித்து, நகலைக் குடும்பத்திடமும் கொடுங்கள். பெண் தங்கப்போகும் இடத்தையும் குளியலறையையும் நீங்களே நேரில் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் ஆளை அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் வேண்டும். பெரியவர் காலமானால் குடும்பத்துக்குத் துக்கம். அவரை அத்தனை மாதம் குளிப்பாட்டி ஊட்டிய பெண்ணுக்கோ துக்கத்தோடு வேலையும் அன்றே போய்விடுகிறது. உடலை எடுப்பதற்கு முன்பே பையைக் கட்டிக்கொண்டு புறப்படச் சொன்ன வீடுகளையும், இறந்த நாளின் சம்பளத்தை அரைநாள் என்று கழித்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் போய்ப் பணம் கேட்க யாருக்கும் வாய் வராது. சேவை எந்தக் காரணத்தால் நின்றாலும் அன்றிலிருந்து ஏழு நாள் ஊதியம் உண்டு என்று முதல் நாளிலேயே எழுதி, முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்ளக் கையொப்பம் வாங்குங்கள். இந்தப் பிரிவைப் படித்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கையொப்பம் வராத வீட்டுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.